பூனைக்குப் போன வார்த்தைகள்

பூனை சாப்பிடும்; அபிப்பிராயம் சொல்லாது. அந்த ஒரு குறையால்தான் அவருக்கு வேலை கிடைத்தது.

டப்பாவில் பூனைச் சாப்பாடு அடைத்து விற்கிற கம்பெனி அது. தின்னப்போவது பூனைதான் என்றாலும், கடையில் காசை எடுத்து வைக்கப்போவது மனிதன். மூடியைத் திறந்ததும் அந்த மனிதன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் ஓடினால், அடுத்த டப்பாவைப் பூனையே நடந்து போய் வாங்கினால்தான் உண்டு. ஆகவே பூனையின் வாய்க்கு முன்னால் ஒரு மனித வாய் தேவைப்பட்டது. வெந்து இறங்கும் ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, மென்று, நாக்கில் உருட்டி, தொட்டியில் துப்பிவிட்டு, என்ன தெரிந்தது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அவர் வந்தது அந்த வேலைக்கு இல்லை. லேபிள் ஒட்டுகிற வேலைக்கு. தப்பான வரிசையில் நின்றுவிட்டார். முன்னால் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வருவதைப் பார்த்து, லேபிள் பசையின் வாடை அவ்வளவு மோசம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். உள்ளே போனதும் மேலாளரம்மா ஒரு கரண்டியை நீட்டினார். கொடுத்ததைச் சாப்பிடுவதுதானே மரியாதை? சாப்பிட்டார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் மேலாளரம்மா.

"உப்பே போடலைங்க. ஈரல் கொஞ்சம் ஜாஸ்தி வெந்துடுச்சு. ஆனா மீன் நல்ல மீன்."

"குமட்டலையா?"

"குமட்டணுமாங்க?"

அன்றே வேலை. அன்றே பட்டப்பெயரும் வந்துவிட்டது: 'நாக்கு சார்'. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்திருக்கும். அதைக் கணக்குப் பிரிவு மட்டும்தான் உபயோகித்தது.

அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். புது மனைவியிடம் போய், 'நான் பூனைக்கு முன்னால் சாப்பிடுகிறவன்' என்று எந்த முகத்தோடு சொல்வது? மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் வாக்கியம் தயாராகிவிட்டது. "சாப்பாட்டு கம்பெனியில ருசி பார்க்கிற வேலை." அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. யாருடைய சாப்பாடு என்பது மட்டும் விட்டுப்போயிருந்தது.

மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த தெருவில் இருந்த அக்கா வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். அக்கா லேசில் சந்தோஷப்படுகிற ரகம் இல்லை.

"ருசி பார்க்கிறவரா? அப்ப உன் கதி அதோகதிதான்டி. ஊரு சமையலுக்கெல்லாம் மார்க் போடறவரு உன் சமையலுக்கு என்ன போடப் போறாரோ!"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அது அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அவள் புருஷனுக்குச் சமைக்கவில்லை, பரீட்சைக்குச் சமைத்தாள்.

அந்தப் பரீட்சைக்கு விதிமுறைகள் வேறு இருந்தன. ருசி பார்க்கிறவரின் நாக்கு மழுங்கக் கூடாது. மிளகாய் ஆகாது. மிளகு, பூண்டு, பச்சை வெங்காயம் எதுவும் கிட்டே வரக்கூடாது. அவர் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். "ஐயோ, மிளகாய் இல்லாமலா? நான் பச்சையாவே கடிச்சுத் தின்பேனே!" அவர் சிரிக்கவில்லை. "நாக்கு போனா வேலை போச்சு" என்றார். சமையலறை ஜன்னலில் அவள் தொட்டியில் வைத்திருந்த மிளகாய்ச் செடி மறுநாள் அக்கா வீட்டு மாடிக்குக் குடிபோனது. அவருக்கு மட்டும் தனியாகச் சமைக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு வீட்டில் இரண்டு ருசி எதற்கு என்று நினைத்திருப்பாள். பத்தியக்காரன் சாப்பாடு மாதிரி வெளிறிப்போன காய்கறியையும், உப்பு யோசித்து யோசித்து விழுந்த சூப்பையும், அவரோடு சேர்ந்து அவளும் தின்றாள்.

தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்பாள்.

"எப்படி இருக்கு?"

முதல் வாரத்தில் ஒரு நாள் மீன் செய்திருந்தாள். நல்ல மீன். ஒரு துண்டை வாயில் போட்டதும், 'அட, இது நம்ம மூணாம் நம்பர் டப்பா மாதிரியே...' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பதறிப்போய் வாயை மூடிக்கொண்டார். மூடிய வாயிலிருந்து வரக்கூடிய ஒரே ஒலி வந்தது.

"ம்."

அந்த 'ம்' அன்று விருந்தாளியாக வந்தது. அப்புறம் வீட்டோடு தங்கிவிட்டது. முதலில் பயத்துக்குச் சொன்னார், அப்புறம் அலுப்புக்கு. நாளெல்லாம் ருசியைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் நாக்குக்கு லீவு வேண்டாமா? தையல்காரர் தன் சட்டைப் பித்தானைத் தானே தைத்துக்கொள்கிறாரா என்ன? இப்படியெல்லாம் தமக்குள் நியாயம் வைத்திருந்தார். வெளியே யாரும் கேட்காததால் அந்த நியாயம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அவளோ விடாமல் கேட்டாள். கேரட்டைப் பொடியாக நறுக்கிப் பார்த்தாள், வட்டமாக நறுக்கிப் பார்த்தாள். முட்டையை அவித்து, பொரித்து, கலக்கி, பாலில் போட்டுப் பார்த்தாள். ஒரு தடவை வேண்டுமென்றே உப்பே போடாமல் வைத்தாள்.

"எப்படி இருக்கு?"

"ம்."

அன்று அடுப்பங்கரையில் அவள் கொஞ்ச நேரம் சும்மா நின்றிருந்ததாக அவருக்கு ஞாபகம். எதற்கு நின்றாள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இனி வேலை செய்கிற இடத்தில் அவரைப் பார்க்க வேண்டும். வெள்ளை ஓடு பதித்த சின்ன அறை. ஒரு மேஜை, வெதுவெதுப்பான தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட், துப்புகிற தொட்டி. நாக்கு சார் கரண்டியை வாயில் வைத்து, கண்ணை மூடி, மூக்கால் மெல்ல மூச்சை விடுவார். பிறகு மடை திறந்துவிடும். "முதல்ல மீன் வருதுங்க, ஆனா தயங்கித் தயங்கி வருது, வாசல்ல செருப்பைக் கழட்டற விருந்தாளி மாதிரி. நடுவுல ஈரல் புகுந்து அதட்டுது. அதட்டல் அடங்கினப்புறம் பாருங்க, நாக்கோட ஓரத்துல ஒரு சின்ன இனிப்பு, வந்து சத்தமில்லாம நிக்குது." மேலாளரம்மா எழுத எழுதக் கை வலித்து, "கொஞ்சம் மெதுவா சார்" என்பார். அந்தக் கட்டடத்தில் அவரைப் போல் பேசுகிறவர் கிடையாது. விற்பனைப் பிரிவுக்காரர்கள் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு கதவோரம் வந்து நின்று கேட்பார்கள்.

பக்கத்து அறையில் பூனைகள். நடுவில் கண்ணாடி. அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதைப் பூனைகள் சாப்பிடுகின்றனவா என்று கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். இறுதித் தீர்ப்பு அவைகளுடையதுதான். காது எந்தப் பக்கம் சாய்கிறது, முதலில் முகர்கிறதா நக்குகிறதா, வால் என்ன சொல்கிறது என்று எல்லாவற்றையும் அவர் படிப்பார். பேசாத பிராணியின் மனசைப் படிப்பதில் அவர் கெட்டிக்காரர். பேசுகிற பிராணி ஒன்று வீட்டில் இருந்தது. அதற்கு இந்தப் படிப்பு தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கும் மேலாளரம்மாவுக்கும் ஒத்தே வரவில்லை. சில பூனைகள் எல்லாவற்றையும் தின்றுவிட்டு, ஒரு வாய் மட்டும் மிச்சம் வைக்கும். "பிடிக்கலை சார், அவ்வளவுதான்" என்பார் மேலாளரம்மா. "இல்லைங்க, வச்சிட்டுப் போயிருக்கு. திரும்ப வரும்" என்பார் இவர். திரும்பி வருவதற்குள் கூட்டுகிறவர் வந்து தட்டை எடுத்துவிடுவார். வழக்கு கடைசிவரை தீரவில்லை.

ஆண்டுகள் ஓடின. கம்பெனி பெரிய முதலாளியின் கையிலிருந்து அவர் மகன் கைக்கு வந்தது. சின்ன முதலாளிக்கு ஒளிவு மறைவு பிடிக்காது. புது டப்பா அறிமுக விழாவுக்கு ஊழியர்களின் குடும்பத்தையும் கூப்பிட்டு, மேடையில் வைத்தே ருசி பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நாக்கு சார் வீட்டில் பூசி மெழுகிப் பார்த்தார். "சும்மா பேசிக்கிட்டே இருப்பாங்க. உனக்குப் போரடிக்கும்." அழைப்பு தனக்கே நேராக வந்துவிட்டதாக அவள் சொன்னாள். நல்ல உடுப்பை எடுத்து இஸ்திரி போட்டாள். அக்காவையும் கூட்டிக்கொண்டாள். தன் புருஷன் மேடை ஏறுவதை அக்கா பார்க்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு.

மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேஜை, ஒரு கரண்டி, பெரிதாக நம்பர் போட்ட ஒரு டப்பா. அவர் தலையை நிமிர்த்தியபோது மூன்றாவது வரிசையில் அவள் தெரிந்தாள். ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் கரண்டி வாய்க்குள் போனதும் வழக்கமான மடை தானாகத் திறந்துகொண்டது. தயங்கி வரும் மீன் வந்தது. அதட்டும் ஈரல் வந்தது. ஓரத்தில் வந்து நிற்கும் இனிப்பைப் பற்றி அவர் சொன்னபோது மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. முடித்ததும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அதே நேரம் பின்னாலிருந்த திரையில், சோதனை அறைக் கண்ணாடி வழியாக எடுத்த படமாக, மண்டபம் கொள்ளாத அளவுக்கு ஒரு பூனை முகம் தோன்றி, நாக்கைச் சுழற்றி மீசையை நக்கிக்கொண்டது.

"அடியே!" அக்காவின் குரல் கைத்தட்டலைத் தாண்டி வந்தது. "அது பூனைடி! பூனைக்குள்ளதைத் தின்னுட்டாருடி உன் வீட்டுக்காரரு!"

திரும்பும்போது பேருந்தில் அக்காதான் பேசினாள். "உங்க வீட்டுத் தம்ளர்ல நான் தண்ணி குடிச்சிருக்கேனே. நீங்க வாய் வச்ச கரண்டியில சாப்பிட்டுக்கூட... கடவுளே. மாப்ளை, தப்பா எடுத்துக்காதீங்க, இனிமே உங்க வீட்டுக்கு வந்தா நான் தம்ளரோட வர்றேன்." முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். நாக்கு சார் ஜன்னலைப் பார்த்தார். மனைவி மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் அவர் முந்திக்கொண்டார். "நான் எதையும் முழுங்கினதே இல்லை. துப்பிடுவேன். கம்பெனியிலேயே பல் விளக்கிட்டுத்தான் வருவேன். உனக்கு அருவருப்பா இருக்கும்னுதான் சொல்லலை."

"எதுக்கு அருவருப்பு?" என்றாள் அவள். "யாராவது ஒருத்தர் அதைச் சாப்பிட்டுப் பாத்துத்தானே ஆகணும்? பூனைன்னா என்ன, அதுக்கும் வாய்தானே."

இத்தனை வருஷம் எந்த இடிக்குப் பயந்து குடை பிடித்தாரோ அந்த இடி விழவேயில்லை. அவருக்கு அப்பாடா என்று இருந்தது. நாற்காலியில் சாய்ந்துகூட விட்டார்.

"ஓரத்துல வந்து நிக்குற இனிப்புன்னு சொன்னீங்களே," என்றாள் அவள். "அப்படி ஒரு ஓரம் உங்க நாக்குல இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதைத் துப்பிட்டு அவ்வளவு பேசினீங்க. என்னுதை முழுங்கிட்டு ஒண்ணுமே பேசலை."

அழவில்லை, கத்தவில்லை. உள்ளே போய் உடுப்பை மாற்றிக்கொண்டு வந்து சாப்பாடு எடுத்து வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். அவர் முதல் வாய் எடுத்துவிட்டுக் காத்திருந்தார். கேள்வி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை.

கேட்டுக்கொண்டிருந்தவரை அது அவருக்குத் தொந்தரவு. நின்ற பிறகுதான், அந்த ஒரு கேள்விக்காகவே இத்தனை வருஷமும் சாயங்காலம் நேரே வீட்டுக்கு வந்திருக்கிறோமோ என்று சந்தேகம் வந்தது. அவள் ஒரே ஒரு தடவை மறுபடி கேட்டால் போதும். இந்த முறை பதில் வைத்திருக்கிறார். கேட்காமலே ஒரு நாள் சொல்லியும் பார்த்தார்.

"இந்த சூப்பு இருக்கே... முதல்ல கேரட் வருது. அப்புறம் மெதுவா..."

"எத்தனாம் நம்பர் டப்பா?" என்று கேட்டுவிட்டு அவள் தண்ணீர் எடுக்கப் போனாள்.

அடுத்த வாரம் அக்கா வீட்டு மாடியிலிருந்து ஒரு மிளகாய்ச் செடி சமையலறை ஜன்னலுக்குத் திரும்பி வந்தது. பழைய செடி எப்போதோ பட்டுப்போய்விட்டது; இது அதன் பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ. அடுப்பில் இரண்டு பாத்திரங்கள் ஏறின. "அது உங்க நாக்குக்கு. இது எனக்கு." அவள் பாத்திரத்திலிருந்து எழுந்த காரத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாலே தும்மல் வந்தது. அவளுக்கோ கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, உதடு சிவக்க, முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கூடவே வாழ்ந்தவள் இப்படி ரசித்துச் சாப்பிடுவதை அவர் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.

"உனக்கு இவ்வளவு காரம் பிடிக்குமா?"

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே சொன்னேனே," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ஓய்வு பெறும் வயதும் வந்தது. பிரிவு விழாவில் ஒரு மாலை, ஒரு கடிகாரம், ஒரு பெட்டி டப்பா. "வீட்ல பூனை இருக்கில்ல?" என்று அன்போடு கேட்டார் சின்ன முதலாளி. வாசல் வரை கூட வந்த மேலாளரம்மா, கொஞ்சம் தயங்கிவிட்டு ஒன்று சொன்னார்.

"இனிமே சொன்னா பரவாயில்லை நாக்கு சார். பூனைக்கு இனிப்பே தெரியாது. அதோட நாக்குல அதுக்கு இடமே கிடையாது. நீங்க அந்த ஓரத்துல வந்து நிக்கற இனிப்பைப் பத்திச் சொல்றப்பெல்லாம், சரி, கேக்க நல்லாருக்கேன்னு விட்டுட்டேன்."

டப்பாப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தார். பூனைக்குத் தெரியவே தெரியாத ஒன்றைப் பூனைக்காக எத்தனை விதமாக வர்ணித்திருக்கிறார்! இனிப்பு தெரிந்த நாக்கு ஒன்று எதிரே உட்கார்ந்து, உப்பில்லாத சூப்பைக் குடித்துக்கொண்டு, ஒரு சொல் கேட்டுக் காத்திருந்திருக்கிறது. பெட்டியைப் பேருந்திலேயே விட்டுவிட்டு இறங்கலாமா என்று யோசித்தார். கண்டக்டர் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார் என்று தோன்றியதால் தூக்கிக்கொண்டே நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும், "உன் பாத்திரத்துலேர்ந்து போடு" என்றார்.

அவள் ஒரு முறை பார்த்துவிட்டுப் போட்டாள். ஒரு வாய்தான். தலைக்குள் பட்டாசு வெடித்தது. காது அடைத்தது. கண்ணில் நீர் கொட்டியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இதோ கேட்கப்போகிறாள் என்று அவர் வார்த்தைகளைத் தேடினார். ஈரலுக்கு வார்த்தை இருந்தது, மீனுக்கு இருந்தது. மிளகாய்க்கு ஒன்றுகூட அவரிடம் இல்லை. அவள் தண்ணீர்த் தம்ளரை அவர் பக்கம் நகர்த்திவிட்டுத் தன் தட்டுக்குத் திரும்பினாள்.

போன மாதம் குளியலறையில் வழுக்கி அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு. ஆகவே அடுப்பு அவர் கைக்கு வந்தது. விரலைச் சுட்டுக்கொண்டார், உருளைக்கிழங்கைக் கருக்கினார், பாத்திரத்தோடு சண்டை போட்டார். ஜன்னல் செடியில் மிளகாய் பறித்துக் கிள்ளிப் போட்டார். எவ்வளவு என்று தெரியாததால் கூடவே இரண்டு. தட்டில் எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டு, தாம் சாப்பிடாமல் எதிரே உட்கார்ந்தார்.

அவள் இடது கையில் கரண்டியைப் பிடித்து மெல்லச் சாப்பிட்டாள். அவர் கண் அவள் கையில், உதட்டில், புருவத்தில். முதலில் முகர்ந்தாளா? இல்லை. நேராக வாயில் போட்டுக்கொண்டாள். நல்ல அறிகுறியா?

"என்ன அப்படிப் பாக்கறீங்க?" என்றாள் அவள். "நடுவுல கண்ணாடி ஒண்ணுதான் குறைச்சல்."

"இல்ல, சும்மா..." என்று இழுத்தார். பிறகு வாய் தானாக அதைக் கேட்டுவிட்டது. "எப்படி இருக்கு?"

அவள் மென்று விழுங்கினாள்.

"ம்."

பழி வாங்குகிற குரல் இல்லை அது. வாயில் சாப்பாடு இருக்கும்போது எல்லோருக்கும் வருகிற ஒலிதான். அதனாலேயே அவருக்குத் தாங்கவில்லை.

"அது நல்லாருக்குங்கற 'ம்'மா, இல்லேங்கற 'ம்'மா?"

அவள் கரண்டியை வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தாள்.

"எனக்கும் அதுதாங்க கடைசி வரைக்கும் புரியலை," என்றாள்.

எழுந்து, மாவுக்கட்டுக் கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் தட்டைப் பார்த்தார். ஓரத்தில் ஒரு வாய் மிச்சம் இருந்தது. திரும்ப வரும் என்று மேலாளரம்மாவிடம் அத்தனை வருஷம் வாதாடியவர் அவர்தான். சமையலறையில் அவள் ஒற்றைக் கையால் குழாயைத் திருகும் சத்தம் கேட்டது. தட்டை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.